தினமும் ஓடும் மோட்டார் சைக்கிளுக்கு இன்ஜின் ஆயிலும் ஃபில்டரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலைக்கும் வீட்டுக்குமாகத் தினமும் ஓடுகிற, நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் கொண்ட மோட்டார் சைக்கிளைப் பற்றியது இந்தப் பக்கம். என் வண்டிக்கு நானே ஆயில் மாற்றிக்கொள்வதைப் பார்த்து உறவினர்களும் உடன் வேலை செய்பவர்களும் பல ஆண்டுகளாகக் கேட்டுவரும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். நான் தொழில்முறை மெக்கானிக் அல்ல. இங்குள்ள ஏதேனும் ஒரு பதில் உங்கள் வண்டியோடு வந்த கையேட்டுக்கு மாறாக இருந்தால், கையேடு சொல்வதையே செய்யுங்கள்.

1. இன்ஜின் ஆயில் அப்படி என்னதான் வேலை செய்கிறது?

உராய்வைக் குறைப்பது எல்லோருக்கும் தெரிந்த வேலை. அதோடு, பிஸ்டனுக்கு அடிப்பக்கத்திலும் சிலிண்டர் தலைப்பகுதியிலும் சேரும் வெப்பத்தை ஆயில் கீழே கொண்டுவருகிறது. எரிதலில் உண்டாகும் கரியைத் தன்னுள் மிதக்கவிட்டு ஓரிடத்தில் படியாமல் காக்கிறது. பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையிலுள்ள நுண்ணிய இடைவெளியை அடைக்கிறது. துருப் பிடிக்காமலும் பார்த்துக்கொள்கிறது.

காரில் இன்ஜினுக்கு ஒரு ஆயில், கியர் பெட்டிக்கு வேறு ஆயில். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் இன்ஜின், கியர், கிளட்ச் ஆகிய மூன்றும் ஒரே ஆயிலில்தான் நனைந்துகொண்டிருக்கின்றன. பிஸ்டனுக்கு வழுக்கல் வேண்டும். கிளட்ச் தட்டுகளுக்குப் பிடிமானம் வேண்டும். கியர் பற்கள் ஆயிலை நசுக்கிக்கொண்டே இருக்கும். கீழே வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் இந்த ஒரே விஷயத்துக்குத்தான் திரும்பி வரும்.

2. டப்பாவில் 10டபிள்யூ-30, 20டபிள்யூ-40 என்று போட்டிருக்கிறதே, அது என்ன கணக்கு?

இது எஸ்ஏஇ என்னும் வாகனப் பொறியாளர் அமைப்பு வகுத்த பாகுத்தன்மைக் குறியீடு. டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. அதற்கு முன்னுள்ள எண், குளிர்ந்த இன்ஜினில் ஆயில் எவ்வளவு எளிதாக நகரும் என்பதைச் சொல்கிறது. எண் சிறிதாக இருந்தால் குளிரிலும் சீக்கிரம் ஓடும். பின்னுள்ள எண், 100 டிகிரி செல்சியஸில் ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதைச் சொல்கிறது. அந்த வெப்பநிலையில் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ் (பாகுத்தன்மையை அளக்கும் அலகு) வரை இருந்தால் அது 30, அங்கிருந்து 16.3 வரை 40.

இந்த எண்கள் வெப்பநிலை அல்ல. "10 டிகிரியிலிருந்து 30 டிகிரி வரைதான் இது தாங்குமாம், எங்கள் பக்கம் 38 அடிக்கிறதே" என்று ஒருவர் உண்மையாகவே கவலைப்பட்டுக் கேட்டிருக்கிறார். கவலை வேண்டாம், ஓடும் இன்ஜினுக்குள் இருக்கும் ஆயிலின் சூடு, வெளியிலுள்ள வெயிலைவிட மிக அதிகம்.

3. வெயில் அதிகம் என்பதால் கொஞ்சம் கெட்டியான ஆயில் ஊற்றினால் இன்ஜினுக்கு நல்லதுதானே?

பெரும்பாலான கையேடுகளில் ஆயில் பகுதியில் ஒரு சிறு படம் இருக்கும்: கீழே வெளி வெப்பநிலை அளவுகோல், அதன்மேல் ஒவ்வொரு கிரேடுக்கும் ஒரு பட்டை. உங்கள் பகுதியின் வெப்பம் எந்தப் பட்டைக்குள் விழுகிறதோ, அந்த கிரேடைத் தாராளமாக ஊற்றலாம். அந்தப் படத்தில் 10டபிள்யூ-30 மட்டுமே இருந்தால், 20டபிள்யூ-50 ஊற்றுவது இன்ஜினுக்குச் செய்யும் உதவி அல்ல. ஆயில் செல்லும் துளைகளும் பேரிங் இடைவெளிகளும் பம்ப்பின் திறனும் ஒரு குறிப்பிட்ட பாகுத்தன்மையைக் கணக்கில் வைத்தே செய்யப்பட்டவை. காலையில் முதல் கிக்கில், கெட்டி ஆயில் மேலே வால்வுகளை இயக்கும் கேம் பகுதிக்குப் போய்ச் சேர அதிக நேரம் எடுக்கும். மைலேஜும் சற்றுக் குறையும்.

அதிகம் ஓடித் தேய்ந்து ஆயில் குடிக்கத் தொடங்கிவிட்ட இன்ஜினுக்கு, கையேடு அனுமதிக்கும் கிரேடுகளில் ஒரு படி கெட்டியானதை ஊற்றினால் சத்தமும் புகையும் சற்று அடங்கும். அது தற்காலிக ஆறுதல்தான். தேய்ந்த ரிங் தேய்ந்ததுதான்.

4. மினரல், செமி சிந்தெடிக், ஃபுல் சிந்தெடிக்: எதைத்தான் வாங்குவது?

மினரல் ஆயில், கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுப்பது. சிந்தெடிக் என்று விற்கப்படுவதில் இரண்டு வகை உண்டு: மூலக்கூறுகளை வேதிமுறையில் கட்டி உருவாக்கியவை ஒன்று; கச்சா எண்ணெயையே ஹைட்ரஜன் கொண்டு மிகத் தீவிரமாகச் சுத்திகரித்தவை மற்றொன்று. பின்னதும் நல்ல ஆயில்தான். செமி சிந்தெடிக் என்பது கலவை. அதில் சிந்தெடிக் பங்கு எத்தனை சதவீதம் என்று டப்பா பொதுவாகச் சொல்வதில்லை.

சிந்தெடிக் ஆயில் அதிக வெப்பத்தில் சீக்கிரம் கெடாது, குளிரில் நன்றாக ஓடும், குறைவாக ஆவியாகும். நெரிசலில் முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் ஊர்ந்தே பழகிய காற்றால் குளிரும் இன்ஜினுக்கும், அதிக வேகத்தில் சுழலும் இன்ஜினுக்கும் இந்த வித்தியாசம் பயன்படும். 100 முதல் 150 சிசி வரையுள்ள, நிதானமாக ஓட்டப்படும் வண்டிக்கு, கையேடு சொன்ன தரத்திலுள்ள மினரல் ஆயிலே போதும் என்பது என் கருத்து. விலை உயர்ந்த ஆயிலை ஊற்றிவிட்டு, "அதுதான் சிந்தெடிக் ஆயிற்றே" என்று மாற்றும் நாளை மறந்துபோகிறவர்களின் இன்ஜினைவிட, சாதாரண ஆயிலை நேரத்துக்கு மாற்றுகிறவர்களின் இன்ஜின் உள்ளே சுத்தமாக இருக்கிறது.

5. ஜாசோ எம்ஏ, எம்ஏ2 என்பதெல்லாம் எதற்கு? விளம்பரமா?

விளம்பரம் அல்ல. டப்பாவின் பின்பக்கத்தில் நான் முதலில் தேடுவது இதைத்தான். முதல் பதிலில் சொன்ன கிளட்ச் தட்டுகள் ஆயிலில் நனைந்தபடியே ஒன்றையொன்று பிடித்தாக வேண்டும். அந்தப் பிடிமானத்தை ஆயில் கெடுக்கிறதா என்று சோதிக்கும் முறையை ஜாசோ என்னும் ஜப்பானின் வாகனத் தர அமைப்பு 1998-இல் கொண்டுவந்தது; டி903 என்பது அதன் எண். சோதனையில் பிடிமானம் நன்றாக உள்ள ஆயில் எம்ஏ. வழுக்கல் அதிகமுள்ளது எம்பி. 2006-இல் எம்ஏ வகை மேலும் இரண்டாகப் பிரிக்கப்பட்டது: பிடிமானம் அதிகமான பாதி எம்ஏ2, மற்றது எம்ஏ1.

கையேட்டில் எம்ஏ என்று இருந்தால் எம்ஏ, எம்ஏ1, எம்ஏ2 மூன்றில் எதுவும் ஏற்றதே. எம்ஏ2 என்று இருந்தால் எம்ஏ2 மட்டும். பதிவு எண்ணும் அதற்குக் கீழே தரமும் அச்சிட்ட சிறு கட்டம் டப்பாவில் இருக்கிறதா என்று பாருங்கள். முன்பக்கத்துப் பெரிய எழுத்துகளில் உள்ள "ரேசிங்", "பவர்" போன்ற சொற்களுக்கு எந்தச் சோதனையும் கிடையாது.

6. ஏபிஐ எஸ்எல், எஸ்என், எஸ்பி என்று இருக்கிறதே, கடைசி எழுத்து தள்ளிப் போகப் போக ஆயில் உசத்தியா?

ஏபிஐ என்பது அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம். எஸ் என்று தொடங்கினால் பெட்ரோல் இன்ஜினுக்கு, சி என்று தொடங்கினால் டீசல் இன்ஜினுக்கு. இரண்டாவது எழுத்து, காலவரிசையில் எந்தத் தலைமுறைத் தரம் என்பதைக் காட்டுகிறது: எஸ்எல் 2001, எஸ்எம் 2004, எஸ்என் 2010, எஸ்பி 2020. காருக்குப் புதிய எழுத்து பழையதற்கு ஈடாகும்.

மோட்டார் சைக்கிளுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. தேய்மானத்தைத் தடுக்கும் முக்கியமான சேர்க்கைப் பொருளில் பாஸ்பரஸ் இருக்கிறது. அது புகைக்குழாயில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிஸ்டைக் கெடுக்கும் என்பதால், எஸ்எம் தரத்திலிருந்து மெல்லிய கார் ஆயில்களில் 0.08 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். ஜாசோவோ 0.08 முதல் 0.12 வரை இருக்கச் சொல்கிறது. ஆகவே ஏபிஐ எழுத்தை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. "எஸ்எல் அல்லது அதற்கு மேல்" என்று கையேடு சொன்னால், எஸ்எல் தரத்துடன் எம்ஏ முத்திரை பெற்ற ஆயிலும் சரி, எஸ்என் தரத்துடன் எம்ஏ முத்திரை பெற்றதும் சரி. எம்ஏ இல்லாத எஸ்பி ஆயில் சரியல்ல.

7. காருக்கு வாங்கிய ஆயில் ஒரு லிட்டர் மீதி இருக்கிறது. அதையே பைக்கில் ஊற்றினால் என்ன ஆகிவிடும்?

இன்ஜின் உடனே கெட்டுவிடாது. அதனால்தான் பலரும் துணிகிறார்கள். எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காகக் கார் ஆயில்களில், குறிப்பாக 30-உம் அதற்குக் கீழும் உள்ள கிரேடுகளில், உராய்வைக் குறைக்கும் பொருள்களைச் சேர்ப்பதுண்டு. வட்ட வடிவ ஏபிஐ முத்திரையின் கீழ்ப்பாதியில் "ரிசோர்ஸ் கன்சர்விங்" என்று இருந்தால் அது அத்தகைய ஆயில். காருக்கு நன்மை செய்யும் அதே பொருள் உங்கள் கிளட்ச்சை வழுக்கவைக்கும். மேடு ஏறும்போதும், பின்னால் ஆள் உட்கார்ந்திருக்கும்போதும், ஆக்சிலரேட்டரைத் திருகினால் இன்ஜின் சத்தம் மட்டும் ஏறும், வண்டி அதற்கேற்ப நகராது.

ஏற்கெனவே ஊற்றிவிட்டீர்கள் என்றால், முழுவதும் வடித்து, ஃபில்டரையும் மாற்றி, எம்ஏ2 ஆயில் ஊற்றிச் சில நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். பல வண்டிகளில் பிடிமானம் திரும்பிவிடும். வழுக்கியபடியே நெடுநாள் ஓட்டித் தட்டுகள் கருகியிருந்தால் திரும்பாது. தட்டுகளை மாற்றத்தான் வேண்டும்.

8. வீட்டில் ஸ்கூட்டரும் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே ஆயில் வாங்கக் கூடாதா?

கியர் இல்லாத ஸ்கூட்டரின் கிளட்ச் ஆயிலில் நனைவதில்லை. அதனால் அதற்கு எம்பி ஆயில் போதும். கிரேடு ஒத்துப்போனால், மோட்டார் சைக்கிளின் எம்ஏ ஆயிலை ஸ்கூட்டரில் ஊற்றலாம். மைலேஜில் சிறிது குறையக்கூடும், அவ்வளவுதான். ஸ்கூட்டரின் எம்பி ஆயிலை மோட்டார் சைக்கிளில் ஊற்றக் கூடாது. காரணம் 5-ஆம் பதிலில் உள்ளது.

9. எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை ஆயில் மாற்ற வேண்டும்?

கையேட்டில் இரண்டு எண்கள் இருக்கும்: இத்தனை கிலோமீட்டர், அல்லது இத்தனை மாதம், எது முதலில் வருகிறதோ அது. சிறிய இன்ஜின்களுக்குப் பெரும்பாலும் 3,000 முதல் 6,000 கிலோமீட்டர் வரை சொல்லப்பட்டிருக்கும். அதைவிட அதிக இடைவெளி சொல்லும் வண்டிகளும் உண்டு. எல்லோரும் கிலோமீட்டரைப் பார்க்கிறார்கள், மாதத்தைப் பார்ப்பதில்லை.

அலுவலகம் 4 கிலோமீட்டர் தொலைவில் இருப்பவரை எடுத்துக்கொள்வோம். போக வர 8, மாதம் 25 நாள், ஆக 200 கிலோமீட்டர். 3,000 வருவதற்கு 15 மாதம் ஆகும். இவருடைய இன்ஜின் ஒவ்வொரு முறையும் முழுமையாகச் சூடாவதற்குள் நின்றுவிடுகிறது. எரிதலில் உண்டான நீராவியும் எரியாத பெட்ரோலும் ஆவியாகி வெளியேற வழியின்றி ஆயிலிலேயே தங்குகின்றன. "கொஞ்ச தூரம்தானே ஓட்டுகிறேன்" என்பவரின் ஆயில்தான், ஒரே மூச்சில் 40 கிலோமீட்டர் ஓட்டுபவரின் ஆயிலைவிடச் சீக்கிரம் கெடுகிறது. இவர் மாதக் கணக்கைத்தான் பின்பற்ற வேண்டும்.

புது வண்டியில் முதல் மாற்றம் மட்டும் 500 முதல் 1,000 கிலோமீட்டருக்குள் வந்துவிடும். புதிய பாகங்கள் ஒன்றோடொன்று உரசிப் பொருந்தும்போது உதிரும் உலோகத் துகள்களை வெளியேற்றுவதற்காக அது; தள்ளிப்போடாதீர்கள்.

10. மாற்றி 500 கிலோமீட்டர்கூட ஆகவில்லை, ஆயில் கறுத்துவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா?

நிறத்தை வைத்து ஆயிலை எடைபோட முடியாது. முதல் பதிலில் சொன்னபடி, கரியைத் தன்னுள் இழுத்து வைத்திருப்பது ஆயிலின் வேலை. வடிக்கும்போது உள்ளேயே தங்கிவிட்ட பழைய ஆயிலும் புதியதைக் கறுக்கவைக்கும். கறுப்பைவிட நான் அஞ்சுவது வேறு அறிகுறிகளுக்கு. ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கில் பால் கலந்த காபி நிறத்தில் நுரை தெரிந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. குளிர்ந்த காலையில் மூடியின் உட்புறத்தில் மட்டும் இலேசாகத் தெரிந்தால் அது வெறும் ஈரக்கசிவு, நன்றாகச் சூடாக ஓட்டினால் போய்விடும். பெட்ரோல் வாடை வீசி, அளவும் ஏறியிருந்தால், கார்புரேட்டர் வண்டியாயின் பெட்ரோல் கசிந்து இறங்குகிறது. உடனே கவனிக்க வேண்டும்.

ஆயில் சோர்ந்துவிட்டதைக் கண்ணைவிடக் கால் முன்னதாகச் சொல்லும். கியர் பற்கள் நசுக்கி நசுக்கி ஆயிலின் பாகுத்தன்மை இறங்கும்போது, கியர் விழுவது கடினமாகும், நியூட்ரல் சிக்காது, இன்ஜின் சத்தம் சற்றுக் கரகரப்பாகும்.

11. ஆயில் அளவு ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் ஒவ்வொரு மாதிரி காட்டுகிறது. எப்படித்தான் பார்ப்பது?

வண்டியை சமதளத்தில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நின்றால் அளவு பொய் சொல்லும். சென்டர் ஸ்டாண்ட் இல்லையென்றால் ஒருவர் வண்டியை நேராகப் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்ஜினை மூன்று நிமிடம் ஓடவிட்டு அணைத்து, ஆயில் கீழிறங்க இன்னும் மூன்று நிமிடம் காத்திருங்கள். டிப்ஸ்டிக்கைத் துணியில் துடைத்து மறுபடி நுழைக்கும்போதுதான் பலரும் தவறுகிறார்கள்: சில வண்டிகளில் மரையைத் திருகாமல் சும்மா உட்காரவைத்துப் பார்க்க வேண்டும், சிலவற்றில் முழுவதும் திருக வேண்டும். இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம், மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் உள்ள தூரத்தையே விழுங்கிவிடும். எது என்பது கையேட்டில் இருக்கும்.

சிறிய இன்ஜினில் மொத்தமே ஒரு லிட்டர் அளவுதான் ஆயில். அதில் 300 மில்லி குறைந்தால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போயிற்று. பல சிறிய வண்டிகளில் எச்சரிக்கை விளக்கும் கிடையாது. எந்த ஆயில் என்று மணிக்கணக்கில் விவாதிப்பவர்கள் வாரம் ஒருமுறை இந்தக் குச்சியை வெளியே எடுத்துப் பார்த்தால், ஆயில் தேர்வில் செய்யும் சிறு பிழையால் வரும் நஷ்டத்தைவிடப் பெரிய நஷ்டத்தைத் தவிர்த்துவிடலாம்.

12. கொஞ்சம் கூடுதலாக ஊற்றிவைத்தால் பாதுகாப்புதானே?

இல்லை. மேல் கோட்டைத் தாண்டினால், சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும், நுரை வழுக்காது. உள்ளே அழுத்தம் ஏறி, மூச்சுக்குழாய் வழியாக ஆயில் ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் போய்ச் சேரும். ஏர் ஃபில்டர் காரணமில்லாமல் ஆயிலில் ஊறியிருந்தால் நான் முதலில் பார்ப்பது டிப்ஸ்டிக்கைத்தான்.

இது பெரும்பாலும் கையேட்டைத் தவறாகப் படிப்பதால் நேர்கிறது. அதில் "வடித்து மாற்றும்போது", "ஃபில்டரோடு மாற்றும்போது", "இன்ஜினைப் பிரித்துக் கட்டும்போது" என வெவ்வேறு அளவுகள் இருக்கும். வடித்து மாற்றும்போது 0.8 லிட்டர் என்றிருக்கும் வண்டியில் ஒரு லிட்டர் டப்பாவை அப்படியே கவிழ்த்துவிடுகிறார்கள்.

13. அவசரத்துக்கு வேறு கம்பெனி ஆயிலை டாப்-அப் செய்யலாமா?

செய்யலாம். இன்ஜின் ஆயில்கள் ஒன்றோடொன்று பிரியாமல் கலக்க வேண்டும் என்பது தரச் சோதனையிலேயே உள்ளது. மினரலும் சிந்தெடிக்கும்கூடக் கலக்கும். அதே கிரேடு, அதே ஜாசோ தரம் இருந்தால் போதும். ஆயில் குறைவாக ஓட்டுவதைவிட வேறு கம்பெனி ஆயில் எவ்வளவோ மேல்.

14. என் வண்டியில் ஆயில் ஃபில்டரே இல்லை என்கிறார் மெக்கானிக். அப்படியும் இருக்குமா?

இருக்கும். பல சிறிய இன்ஜின்களில் காகித ஃபில்டர் கிடையாது. அடியில் ஒரு கம்பி வலை பெரிய துகள்களைப் பிடிக்கும்; கிராங்க்கோடு சேர்ந்து சுழலும் ஒரு கிண்ணம், தயிர் கடையும்போது கனமானது ஓரம் ஒதுங்குவது போல, நுண்துகள்களை விளிம்பில் படியவைக்கும். வாங்கி மாற்ற எதுவுமில்லை. கையேடு சொன்ன இடைவெளியில் இரண்டையும் கழுவ வேண்டும். கிண்ணத்தைத் திறக்க இன்ஜினின் பக்க மூடியைக் கழற்ற வேண்டியிருப்பதால், இந்த வேலை பல பட்டறைகளில் சத்தமில்லாமல் விடுபட்டுப் போகிறது. கேட்டு வாங்குங்கள்.

15. காகித ஃபில்டரைப் பெட்ரோலில் கழுவி மறுபடி போடலாமா? ஒவ்வொரு ஆயிலுக்கும் மாற்றத்தான் வேண்டுமா?

கழுவக் கூடாது. அழுக்கு காகிதத்தின் மேல் மட்டுமல்ல, அதன் இழைகளுக்குள்ளும் சிக்கியிருக்கிறது. கழுவினால் இழைகள் கிழிந்து, அழுக்கு சுத்தமான பக்கத்துக்கு வந்துவிடும். ஃபில்டர் முழுவதும் அடைத்துக்கொண்டால் இன்ஜின் பட்டினி கிடக்கக் கூடாது என்பதற்காக பைபாஸ் வால்வு என்று ஒன்று உண்டு. அது திறந்துவிட்டால் ஆயில் வடிகட்டப்படாமலேயே சுற்றும். வண்டி எப்போதும்போல ஓடும் என்பதால், உங்களுக்குத் தெரியவே தெரியாது.

சில கையேடுகள் ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும், சில இரண்டுக்கு ஒருமுறையும் ஃபில்டரை மாற்றச் சொல்கின்றன. நான் ஒவ்வொரு முறையும் மாற்றுகிறேன். ஊறிக்கிடக்கும் பழைய ஆயிலைப் புதியதோடு சேர்க்க மனம் வருவதில்லை. இது என் பழக்கம், விதி அல்ல.

16. பார்க்க ஒரே மாதிரி இருக்கும்போது மலிவான ஃபில்டர் வாங்கினால் என்ன?

வெளியே ஒன்றுபோல இருக்கும், வித்தியாசம் உள்ளே. காகித மடிப்புகளின் எண்ணிக்கை, முனைகளை ஒட்டிய பசையின் தரம், பைபாஸ் வால்வு திறக்கும் அழுத்தம், இன்ஜின் நின்றபின் ஆயில் திரும்பி வடிந்துவிடாமல் தடுக்கும் ரப்பர் இதழ் ஆகியவைதான் விலையைத் தீர்மானிக்கின்றன. பெயர் பெற்ற ஃபில்டர் நிறுவனம் உங்கள் வண்டிக்கென்றே பட்டியலிட்ட எண்ணை வாங்கினால், வண்டி நிறுவனத்தின் பெட்டியில்தான் வர வேண்டும் என்பதில்லை. ஆனால் "இதுவும் இதில் மாட்டும்" என்று கொடுப்பதை வாங்காதீர்கள். மாட்டுவது வேறு, பொருந்துவது வேறு.

போலிகள் ஆயிலிலும் ஃபில்டரிலும் உண்டு. மூடியின் வளையம் உடையாமல் இருக்கிறதா, தொகுதி எண் தெளிவாக இருக்கிறதா, அச்சு மங்கலாக இருக்கிறதா என்று பாருங்கள். காலி டப்பாவைக் கத்தியால் கிழித்துப் போடுங்கள். முழு டப்பா போலிக்காரருக்கு மூலப்பொருள்.

17. நானே மாற்றலாம் என்று இருக்கிறேன். எங்கே தவறு நடக்கும்?

முதலாவது இடம், ஃபில்டரின் திசை. தனி அறைக்குள் உட்காரும் காகித ஃபில்டரில் ஒரு முனை மூடியும் மறுமுனை திறந்தும் இருக்கலாம். சில மாடல்களில் திருப்பிப் போட்டால்கூட மூடி சரியாக மூடிக்கொள்ளும், ஆனால் இன்ஜினின் மேற்பகுதிக்கு ஆயில் போகாது. ஆகவே பழையதை எடுக்கும்போதே, எந்த முனை வெளியே பார்த்தது, ஸ்பிரிங் எந்தப் பக்கம் இருந்தது என்று ஒரு புகைப்படம் எடுத்துவிடுங்கள். மூடியை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கைப் புதியதாகப் போடுங்கள். டப்பா வடிவத்தில் திருகும் ஃபில்டராயின், அதன் ரப்பர் வளையத்தில் புதிய ஆயிலைத் தடவிக் கையால் இறுக்குங்கள். பழைய வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

இரண்டாவது, ஆயிலை வடிக்க அடியில் கழற்றும் டிரெயின் போல்ட். அதன் கீழுள்ள வாஷர் நசுங்கி அடைப்பதற்காகவே செய்யப்பட்டது; புதியது போட்டால் இறுக்கிப் பிழிய வேண்டியதில்லை. நான் முதல்முறை மாற்றியபோது, பழைய வாஷரையே போட்டு, ஒரு சொட்டுக் கசிந்ததைப் பார்த்து, நீளமான ஸ்பேனரால் இன்னும் கால் சுற்று இழுத்தேன். "நறுக்" என்ற உணர்வுக்குப் பிறகு போல்ட் சும்மா சுற்றத் தொடங்கியது. வெளியே எடுத்தபோது, அலுமினிய மரை மெல்லிய வெள்ளிச் சுருளாக அதில் சுற்றிக்கொண்டிருந்தது. கசிவைவிட அந்தச் சுருளுக்குத்தான் அதிகம் செலவழித்தேன். கையேட்டில் இறுக்கும் விசை நியூட்டன் மீட்டரில் இருக்கும். டார்க் ரெஞ்ச் ஒன்றை இரவல் வாங்கியாவது பயன்படுத்துங்கள்.

ஊற்றிய பிறகு, இன்ஜினை முறுக்காமல் இரண்டு நிமிடம் ஓடவிட்டு, கசிவு உண்டா என்று பார்த்து, 11-ஆம் பதிலில் சொன்னபடி மீண்டும் அளவு பாருங்கள். காய்ந்த ஃபில்டர் கொஞ்சம் ஆயிலைக் குடித்திருக்கும்.

18. ஏர் ஃபில்டரைக் காற்றடித்துச் சுத்தம் செய்தால் போதாதா?

எந்த வகை என்பதைப் பொறுத்தது. உலர்ந்த காகித ஃபில்டரை, உட்புறத்திலிருந்து வெளியே மெதுவாகக் காற்றடித்துச் சில முறை பயன்படுத்தலாம். பிசுபிசுப்பான எண்ணெய் தோய்த்த காகித வகையை ஊதவோ கழுவவோ கூடாது. காற்று அந்த எண்ணெயைக் கலைத்துவிடும், பிறகு தூசி நேராக உள்ளே போகும். அதைக் குறித்த கிலோமீட்டரில் மாற்ற மட்டுமே வேண்டும். பலரும் "அழுக்காக எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கிறது" என்று பெட்ரோலில் அலசுவது இந்த வகையைத்தான். ஸ்பஞ்ச் வகையைச் சோப்பு நீரில் கழுவி, முழுவதும் காயவைத்து, அதற்குரிய எண்ணெயில் நனைத்துப் பிழிந்து மாட்ட வேண்டும்.

ஆயில் பற்றிய பக்கத்தில் இது எதற்கு என்றால், ஏர் ஃபில்டர் தவறவிட்ட மணல்துகள் கடைசியில் ஆயிலில்தான் வந்து சேருகிறது. மண் சாலையில் தினமும் ஓட்டுபவர், கையேட்டின் இடைவெளியில் பாதியிலேயே திறந்து பார்ப்பது நல்லது.

19. புது ஆயில் ஊற்றுவதற்கு முன் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவச் சொல்கிறார்கள். கூடவே ஒரு சிறு பாட்டில் அடிட்டிவும் விற்கிறார்கள்.

இரண்டும் வேண்டாம். மண்ணெண்ணெயை முழுவதும் வடிக்க முடியாது. மூலைகளில் தேங்குவது புது ஆயிலை முதல் நாளே மெலிதாக்கிவிடும். இன்ஜினைச் சூடாக்கிவிட்டு வடித்தால், ஆயிலே தன் அழுக்கை எடுத்துக்கொண்டு இறங்கும்; பத்து நிமிடம் சொட்டவிடுங்கள். தனியாக விற்கும் வழுக்கல் அடிட்டிவ்களுக்கு 7-ஆம் பதிலில் சொன்ன கிளட்ச் சிக்கல் அப்படியே பொருந்தும்.

20. லாரிக்கு ஊற்றும் டீசல் ஆயில் பைக்குக்கு அருமையாக இருக்கும் என்று ஒரு நண்பர் சொல்கிறார். உண்மையா?

அவர் சொல்வதில் பாதி உண்மை. 15டபிள்யூ-40 டீசல் ஆயில்களில் பொதுவாகச் சுத்தம் செய்யும் பொருள்கள் அதிகம். வழுக்கல் பொருள்கள் பெரும்பாலும் இருப்பதில்லை என்பதால் கிளட்ச்சும் பிடிக்கிறது. சில டீசல் ஆயில்கள் ஜாசோ எம்ஏ முத்திரையும் பெற்றிருக்கின்றன. அவற்றில் கிரேடும் ஏபிஐ எஸ் தரமும் ஒத்துப்போனால் ஊற்றுவதில் தவறில்லை. அந்த முத்திரை இல்லாததை ஊற்றினால், சோதனையை உங்கள் கிளட்ச்சில் நீங்களே நடத்துகிறீர்கள்.

21. பழைய வண்டிக்கு சிந்தெடிக் மாற்றினால் கசியுமாமே?

ஆயில் புதிதாக ஓட்டை போடாது. காய்ந்து சுருங்கிய சீல்களின் விரிசலைப் பழைய படிவு அடைத்துக்கொண்டிருக்கலாம். புதிய ஆயில் அதைக் கரைக்கும்போது, முன்பே இருந்த கசிவு வெளியே தெரியும். 60,000 கிலோமீட்டர் மினரலில் நன்றாக ஓடிய வண்டியை மாற்றச் சொல்லி நான் யாரையும் வற்புறுத்துவதில்லை.

22. வெளியே ஒரு சொட்டுக் கசிவு இல்லை, ஆனால் ஆயில் குறைந்துகொண்டே போகிறது.

எரிகிறது என்று பொருள். யாரையாவது பின்னால் நிற்கவைத்துப் புகையைப் பார்க்கச் சொல்லுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் நீலப் புகை வந்து மறைந்தால் வால்வு சீல் மீது சந்தேகம். முறுக்கி ஓட்டும்போதெல்லாம் வந்தால் ரிங்கும் சிலிண்டரும். 1,000 கிலோமீட்டருக்கு எத்தனை மில்லி ஊற்றினீர்கள் என்று எழுதிவைத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் போங்கள். "ரொம்பக் குடிக்கிறது" என்பதைவிட அது அவருக்கு உதவும்.

23. வடித்த ஆயிலை என்ன செய்வது? புது டப்பாவில் மிஞ்சியதை எத்தனை நாள் வைக்கலாம்?

வடித்ததைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாதீர்கள். நிலத்தடி நீரில் கலந்தால் மீட்க முடியாது. அடைப்புள்ள கேனில் சேர்த்து, கழிவு ஆயில் வாங்கும் பட்டறையில் கொடுங்கள். கதவுக் கீலுக்கும் சங்கிலிக்கும் விடலாம் என்று எடுத்து வைக்கவும் வேண்டாம்: பயன்படுத்திய ஆயில் தோலில் தொடர்ந்து படுவது நல்லதல்ல, அதிலுள்ள துகள் சங்கிலியையும் தேய்க்கும். மாற்றும்போது கையுறை போடுங்கள்.

மிஞ்சிய 200 மில்லியை, மூடியை இறுக்கி, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வையுங்கள். திறந்த தேதியையும் வண்டியின் அப்போதைய கிலோமீட்டரையும் டப்பா மீதே மார்க்கரால் எழுதிவிடுங்கள். அடுத்த மாற்றம் வரை டாப்-அப்புக்கு அதுதான். மாற்றும் நாள் வந்தும் அது அப்படியே இருந்தால் உங்கள் இன்ஜின் ஆயில் குடிக்கவில்லை.